பஞ்சு மிட்டாயோட முடிஞ்சுதா? பாக்கெட்டுல தமிழ் எங்கே?

சொந்தங்களே, வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா இதை ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க.

சின்னமனூர்ல இருக்குற என் அக்கா மகனுக்கு அஞ்சு வயசு. போன வருஷம் வீரபாண்டி திருவிழாவுக்குப் போயிட்டு வந்த ராத்திரி உடம்பெல்லாம் தடிப்பு. விடிய விடியத் தூங்கலை. அதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல "பையன் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான்"னு புகார். வீட்டுப் பெரியவங்க சொன்னது ஒரே வார்த்தை: "வளர்ப்பு சரியில்லை."

டாக்டர்தான் "கலர் போட்ட தின்பண்டத்தை ரெண்டு வாரம் நிறுத்திப் பாரும்மா"ன்னு சொன்னார். நிறுத்தினா. தடிப்பு வரலை, பையன் தூங்கினான். அப்புறம் ஒரு பிறந்தநாள் வீட்டுல ஆரஞ்சு ஜெல்லி. அன்னைக்கு ராத்திரி மறுபடியும் அதே கதை. அக்கா கடைக்குப் போய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா, எறும்பு சைஸ் எழுத்துல இங்கிலீஷ், கூடவே "ஐ.என்.எஸ். 102, 110". எனக்கு போட்டோ அனுப்பினா. நான் இன்ஜினியரிங் படிச்சவன். எனக்கே கூகுள்ல தேடித்தான் தெரிஞ்சுது. 102 டார்ட்ரசின், 110 சன்செட் யெல்லோ. ரெண்டுமே செயற்கைச் சாயம், ரெண்டுமே அரசு அனுமதிச்சது!

2024 பிப்ரவரி 17-ல தமிழ்நாட்டுல ரோடமைன்-பி கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்துச்சு. புதுச்சேரி நமக்கு முன்னாடியே தடை போட்டுச்சு. நல்லது, வரவேற்கிறோம். ஆனா ரோடமைன்-பி துணிக்குப் போடுற சாயம். அதை உணவுல சேர்க்கவே கூடாதுன்னு சட்டம் முன்னாடியே இருக்கு. திருட்டுத்தனமா போட்டதைப் பிடிச்சாச்சு. சட்டப்படியே போடுற சாயத்தை யார் கேட்கிறது?

2007-ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 3 வயசு, 8-9 வயசுப் பிள்ளைங்க கிட்டத்தட்ட 300 பேரை வச்சு ஆய்வு பண்ணி லான்செட் இதழ்ல வெளியிட்டாங்க. சாயமும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடிச்ச நாட்கள்ல பிள்ளைங்களோட துறுதுறுப்பு கூடியிருந்தது. நேர்மையா சொல்லணும்னா, பாதிப்பு பெரிய அளவுல இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரியும் இல்லை. அந்த ஆய்வை வச்சு விஞ்ஞானிங்க நடுவுல வாதமும் இருக்கு. ஆனாலும் ஐரோப்பிய யூனியன் சும்மா இருக்கலை. 2010 ஜூலையில இருந்து அந்த ஆறு சாயத்துல எது இருந்தாலும், குழந்தைகளோட செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம்னு பாக்கெட்டுலயே எழுதணும். அப்படி எழுத வெட்கப்பட்டு பல கம்பெனி சாயத்தையே மாத்திட்டாங்க.

அந்த ஆறுல நாலு இந்தியாவுல அனுமதிக்கப்பட்டது: டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பொன்சியோ 4ஆர். இங்க அந்த எச்சரிக்கை கிடையாது. "அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம் உள்ளது"ன்னு மட்டும் போட்டா போதும். அதையும் எந்த மொழியில? இங்கிலீஷ் இல்லேன்னா இந்தி. விதியே அப்படித்தான் இருக்கு! தமிழ் கட்டாயம் இல்லை, கம்பெனி விருப்பப்பட்டா போட்டுக்கலாம். லோயர் கேம்ப் பெட்டிக்கடையில விக்கிற மிட்டாய்ல யாருக்காகய்யா இந்தி?

கூடலூர், கம்பம், போடிப் பக்கம் விடியுறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி கேரளா எஸ்டேட்டுக்கு ஏலக்காய் பறிக்கப் போற அம்மாக்களை நினைச்சுப் பாருங்க. தூங்குற பிள்ளை தலைமாட்டுல பத்து ரூபாயை வச்சுட்டுப் போறாங்க. அவங்க பறிக்கிற ஏலக்காய்ல பச்சைச் சாயம் ஏத்தியிருக்குன்னு சந்தேகம் வந்தா ஸ்பைசஸ் போர்டு மாதிரி எடுத்துச் சோதிக்கும். அந்தப் பத்து ரூபாய்க்கு பிள்ளை வாங்குற மிட்டாய்ல என்ன இருக்குன்னு அவங்களுக்குப் புரியிற மொழியில சொல்ல யாரும் இல்லை. கடைசியில பழி மட்டும் "வளர்ப்பு சரியில்லை"ன்னு அவங்க தலையில.

"நாங்கல்லாம் சின்ன வயசுல சாப்பிடலையா?"ன்னு வருவாங்க. சாப்பிட்டோம். எந்தப் பையனுக்கு ஏன் தடிப்பு வந்துச்சு, எவன் ஏன் தூங்காம கிடந்தான்னு அப்போ யாரும் தேடிப் பார்க்கலை, அவ்வளவுதான். "ஜெல்லி மிட்டாய்ல என்னய்யா அரசியல்?"னும் கேப்பாங்க. பிள்ளை தின்கிறதுல தாய்மொழி இருக்கணுமா வேண்டாமாங்கிறது அரசியல் இல்லேன்னா வேற எது?

டெல்லியில இருக்குற எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கிட்ட நாம கேட்கிறது, ஐரோப்பா எழுதுற அதே எச்சரிக்கை, அதுவும் பாக்கெட்டோட முன்பக்கத்துல, தமிழ்நாட்டுல விக்கிற பாக்கெட்டுல தமிழ்லேயே. மாநில உணவுப் பாதுகாப்புத் துறை கிட்ட கேட்கிறது, திருவிழா முடிஞ்சப்புறம் ரெய்டு வேண்டாம். கடை போடுற முதல் நாளே மாதிரி எடுங்க, முடிவைக் கோயில் வாசல்ல ஒட்டுங்க. அங்கன்வாடி அக்காக்களுக்கு இந்த நாலு நம்பரையும் சொல்லிக் குடுங்க. செலவு ஒரு நோட்டீஸ்தான்.

தோழர்களே, இன்னைக்கு சாயங்காலம் உங்க தெருக் கடைக்குப் போங்க. மிட்டாய், ஜெல்லி, கலர் அப்பளம், எதுவானாலும் பின்பக்கம் திருப்புங்க. 102, 110, 122, 124, இதுல எது இருந்தாலும் போட்டோ எடுத்து, ஊர் பேரோட இந்தப் பதிவுக்குக் கீழ போடுங்க. கடைக்காரர் அண்ணன்கிட்ட சண்டை வேண்டாம், அவருக்கும் அந்த எழுத்து புரியாது.

#தமிழில்_எழுது #நம்ம_பிள்ளைகள்