முதல் வகுப்பில் தூங்குகிறவள்

முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் மாணவியிடம் “ராத்திரி முழுக்க போனா?” என்று கேட்கிறார்கள். “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்பதில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31 சதவீதம். மாதவிடாயில் இரும்புச்சத்தை இழப்பது உடலின் இயல்பு. இழந்ததை ஈடுகட்டாத தட்டு இயல்பல்ல. அது வீட்டின் அநீதி. அண்ணனுக்கு முட்டை, அவளுக்கு வெறும் குழம்பு. விடியுமுன் எழுந்து, பாத்திரம் தேய்த்து, தம்பிக்கு டிபன் கட்டிவிட்டுப் பேருந்துக்கு ஓடுபவளுக்கு ஒரு டம்ளர் டீ. இரும்புச்சத்து குறைந்தால் களைப்பு வரும், கவனம் சிதறும். அதற்குப் பெயர் சோம்பேறித்தனமா? ‘டயட் இருக்கிறாள்’ என்ற கேலி வேறு.

1956இல் காமராசர் விரிவாக்கிய மதிய உணவும், 1982இன் சத்துணவும் நம் பெருமை. ஆனால் அந்தத் தட்டு பத்தாம் வகுப்போடு பறிக்கப்படுகிறது. பசி பதினாறு வயதில் நின்றுவிடுமா?

புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயை வரவேற்கிறோம். ஆனால், பணம் வீட்டுக்குள் நுழைந்ததும் சிலிண்டராகவும் தம்பியின் கட்டணமாகவும் மாறிவிடலாம். கல்லூரியில் பரிமாறும் சோறும் முட்டையும் அவள் வயிற்றுக்கே போகும்.

அரசுக் கல்லூரிகளில் அடுப்பை மூட்டுங்கள். வீட்டில் தட்டுகளைச் சமமாக்குங்கள். பிறகு அவளுடைய மதிப்பெண்ணைப் பற்றிப் பேசலாம்.