பையில் என்ன வேண்டும்?

புதையல் தேடுகிறவருக்குக் கடப்பாரை வேண்டும் என்பது பழைய வழக்கம். ‘ஜியோகேஷிங்’ என்னும் புதிய புதையல் விளையாட்டுக்கோ அது உதவாது. 2000-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி, அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சாமான்களை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை வெளியிட்டார். விளையாட்டுப் பிறந்தது. செயற்கைக் கோள்கள் நம்மைச் சில கஜ தூரம் வரையில்தான் கொண்டு விடும். அப்புறம் கண்ணும் கையுமே துணை.

ஆகவே பையில் தண்ணீர், கையுறை, பொந்துகளைப் பார்க்க டார்ச் விளக்கு, உபரி பாட்டரி, சிறு டப்பாவிலுள்ள காகிதச் சுருளை எடுக்க ஓர் இடுக்கி, இவை அவசியம். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் ஈடாக வேறொன்று வைப்பது தர்மம். அதற்குச் சில கோலிக்குண்டுகள் போதும். தின்பண்டம் வைக்கலாகாது, பிராணிகள் முந்திக்கொள்ளும்.

இவ்வளவும் சுமந்து நாமும் குழந்தைகளுடன் ஒருநாள் சென்றோம். இரண்டு மணி நேரம் தேடிப் பெட்டியைக் கண்டோம். உள்ளிருக்கும் நோட்டில் பெயர் எழுதினால்தான் கண்டதாகக் கணக்கு. பையைக் கவிழ்த்தோம். பென்சில் இல்லை! குழந்தைகள் ஒன்றும் பேசாமல் நம் முகத்தைப் பார்த்தார்கள்.

மறுநாள் வகுப்புக்குப் பென்சில் இல்லாமல் வந்த பையனை நாம் பெஞ்சியின்மேல் ஏற்றவில்லை.