அலையில் மின்சாரம்: தீவகக் கடலை அளக்காமல் பேசுவது ஏன்?

கனடாவில் இருக்கும் பெரியப்பா போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, கடல் அலையிலை கரண்ட் எடுக்கினமாம். எங்கட சுருவில் கடலிலையும் செய்யலாம்தானே?” 1990களின் தொடக்கத்தில் ஊரை விட்டு வெளியேறியவர் அவர். அவருடைய நினைவில் அந்தக் கடல் பெரியது. செய்ய முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் என் பதில் அதுதான்.

அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. ஆழ்கடலில் மூன்று மீற்றர் உயரமும் ஒன்பது செக்கன் இடைவெளியும் கொண்ட அலை, ஒரு மீற்றர் அகலத்தில் ஏறத்தாழ 40 கிலோவாற் கொண்டுவரும். அரை மீற்றர் உயரமும் நான்கு செக்கன் இடைவெளியும் என்றால் அரைக் கிலோவாற்தான். எங்கள் பக்கம் ஆழமற்ற பாக்குநீரிணை. சோளகம் வீசும்போது வள்ளத்தைப் புரட்டும் அலை எழும், உண்மைதான். ஆனால் அது கிட்டக்கிட்ட அடிக்கும் குறுகிய அலை.

உலகில் இந்தக் கணக்கெல்லாம் முதலில் ஆய்வுகூடத் தொட்டியில்தான் பார்க்கப்படுகிறது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் சோல்டர் ‘வாத்து’ எனப்படும் கருவியின் சிறு மாதிரியைத் தொட்டியில் மிதக்கவிட்டார். அலையின் ஆற்றலில் பெரும்பகுதியை அது உறிஞ்சியது. ஆனாலும் அந்த வாத்து முழு அளவில் ஒருபோதும் கடலில் இறங்கவில்லை.

காரணங்கள் பல. தொட்டிக் கணக்கிலேயே ஒரு பொறியும் உண்டு. 25இல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால் இரண்டு மீற்றர் அலை எட்டு சென்ரிமீற்றர் ஆகும், பத்து செக்கன் இடைவெளி இரண்டு செக்கன் ஆகும். வலுவோ 78,000 மடங்கு சுருங்கும். மாதிரி தரும் ஒரு வாற், கடலில் 78 கிலோவாற் எனக் கணக்காகும். ஆகவே அச்சின் உராய்வில் பத்தில் ஒரு வாற் பிழைத்தாலே எட்டுக் கிலோவாற் அளவுக்குப் பொய் சொல்லலாம். ஒழுங்கான அலையில் மட்டும் சோதித்துவிட்டு நல்ல இலக்கத்தைக் காட்டுவதும் எளிது. எனவே யாராவது இலக்கத்தோடு வந்தால், எந்த அலையில் எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

அயலில் சென்னை ஐஐடி இதில் நீண்டகாலம் உழைக்கிறது. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991இல் 150 கிலோவாற் நிலையம் இயங்கத் தொடங்கியது, பின்னர் அது கைவிடப்பட்டது. 2022 நவம்பரில் தூத்துக்குடிக்கு ஆறு கிலோமீற்றர் அப்பால் ‘சிந்துஜா-1’ கருவியைக் கடலில் சோதித்தார்கள். கிடைத்தது 100 வாற், இரண்டு மின்குமிழுக்குப் போதும். சிலர் சிரிக்கலாம். எனக்கு அந்தச் சிறிய இலக்கத்தில்தான் நம்பிக்கை வருகிறது.

எங்கள் தீவுகளிலோ பேச்சு கடலைப் பற்றியே இருக்கவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்குப் போனது. டெல்லி எதிர்த்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை நின்றது. பிறகு இந்தியா 11 மில்லியன் டொலரை மானியமாகத் தந்து, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்று. மூன்று ஆண்டுகளைத் தின்றது வெயிலோ காற்றோ அல்ல, யாருடைய கொடி என்ற கேள்வி. டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த சனத்தின் குரல் அந்த இழுபறியில் பெரிதாகக் கேட்கவில்லை. மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்ததற்கும் இத்தகைய புறக்கணிப்பு ஒரு காரணம்.

நாளைக்கு அலை மின்சாரம் என்றும் ஒருவர் கோப்போடு வரக்கூடும். அதற்கு முன் அறிவியல்நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இதைக் கையிலெடுக்கலாம். ஒரு அமுக்கமானியைச் சுருவில் கரைக்கு அப்பாலும் இன்னொன்றை நெடுந்தீவின் மேற்கிலும் கடலடியில் வைத்து, சோளகமும் வாடையும் அடங்க ஒரு முழு ஆண்டு அளந்து, இலக்கங்களைத் தமிழில் வெளியிட வேண்டும். கொண்டுபோய் இறக்க எங்கள் கடற்றொழிலாளரின் வள்ளமே போதும்.