விளக்கு வைக்கும் நேரம்

விளக்கு வைக்கும் நேரம் என்று தமிழ்க் குடும்பங்களில் ஒரு பொழுதைக் குறிப்பிடுவர். அது கடிகாரம் காட்டும் நேரமன்று. ஆண்டின் சில மாதங்களில் அது முந்தும். சில மாதங்களில் பிந்தும். மழை மேகம் கவிந்த நாளில் மாலைக்கு வெகு முன்னரே வந்துவிடுவதும் உண்டு. வீட்டு மூதாட்டி முற்றத்தில் நின்று வானத்தை ஒரு முறை நோக்கி, இனி விளக்கேற்றலாம் எனத் தீர்மானிப்பார். அந்தத் தீர்மானத்தை ஒரு சிறு சாதனம் தானாகவே செய்யுமாறு அமைப்பதே ஒளி உணரும் விளக்கு எனப்படுவது.

பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிகளில் இவ்விளக்கைக் காணாதவர் அரிது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் ஆரியங்கோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி ஊர்கள் உள்ளன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் ரப்பர்த் தோட்டங்களும், தமிழையும் மலையாளத்தையும் ஒருங்கே அறிந்த மக்களும் உள்ளனர். கேரளக் கல்வித் துறை நடத்தும் சாஸ்திரோத்ஸவம் பள்ளியில் தொடங்கி உபஜில்லா, மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக உயர்வது. இத்தகைய விழாக்களில், நாட்டின் எப்பகுதியிலாயினும், அட்டைப் பலகையில் ஒரு சாலையும் அதன் ஓரத்தில் சிறு விளக்குகளும் வைத்திருக்கும் மாணவரைக் காணலாம். சிறு கண் போன்ற உறுப்பை அவர் கையால் மூடுகிறார், விளக்கு எரிகிறது. கையை எடுக்கிறார், அணைகிறது. பார்ப்போர் மகிழ்கின்றனர்.

ஆனால் அந்த விளக்கு எந்த அளவு இருளில் எரியத் தொடங்கும், ஏன் அந்த அளவில், என்று வினவினால் விடை கிடைப்பது அபூர்வம். உறுப்புகள் யாவும் அடங்கிய பெட்டி கடையில் விலைக்குக் கிடைக்கிறது. படத்தில் கண்டவாறு இணைத்தால் விளக்கு எரியும். இணைப்பது கைத்திறன், அதுவும் வேண்டியதே. எனினும் வடிவமைப்பது என்பது வேறு. வேண்டிய விளைவை முதலில் முடிவு செய்து, அதற்குரிய அளவுகளைக் கணக்கிட்டு, சோதித்து, திருத்துவதே வடிவமைப்பு. ஒளி உணரும் விளக்கின் கல்விப் பயன் முழுவதும் இதில்தான் அடங்கியுள்ளது.

சுற்றும் கணக்கும்

1873ஆம் ஆண்டில் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலப் பொறியாளர், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்காகச் செலினியத் துண்டுகளைப் பயன்படுத்தியபோது, ஒளி பட்டால் அவற்றின் மின்தடை குறைவதைக் கண்டறிந்து வெளியிட்டார். நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயக் கனிமத்தைக் கொண்டு அமைத்த உணர்கருவி மின் அலைகளை மட்டுமன்றி ஒளியையும் உணர்ந்தது. 1901இல் அவர் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904இல் வழங்கப்பெற்றது. இன்று மாணவர் கையில் உள்ள எல்.டி.ஆர். என்னும் சிறு வட்டு, பெரும்பாலும் காட்மியம் சல்பைடினால் ஆனது. நல்ல வெயிலில் அதன் தடை சில நூறு ஓம். முழு இருளில் பத்து லட்சம் ஓமை எட்டும்.

நான்கு மின்கலங்கள் சேர்ந்து 6 வோல்ட் தருகின்றன. ஒரு மின்தடையும் எல்.டி.ஆரும் தொடராக இணைக்கப்பட்டு அந்த மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன. எல்.டி.ஆர். பெறும் பங்கு டிரான்சிஸ்டரின் அடிவாயை அடைகிறது. அது ஏறத்தாழ 0.6 வோல்ட்டை எட்டியதும் டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை விடும், எல்.ஈ.டி. ஒளிரும். எல்.டி.ஆரின் தடை 10 கிலோ ஓம் ஆகும் தருணத்தில் விளக்கு எரிய வேண்டுமாயின், மற்றைத் தடை 90 கிலோ ஓம் இருத்தல் வேண்டும். 6 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு 0.6 அன்றோ? எட்டாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதும்.

அடுத்த வினா இதைவிட முக்கியமானது. எல்.டி.ஆர். 10 கிலோ ஓம் ஆவது எவ்வளவு வெளிச்சத்தில்? கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகைக்கு, 10 லக்ஸ் ஒளியில் 10 முதல் 20 கிலோ ஓம் வரை இருக்கலாம் என்றே தயாரிப்பாளர் குறிப்பிடுகின்றனர். ஒரே பெட்டியில் வந்த இரண்டு வட்டுகள் ஒன்றுக்கொன்று இருமடங்கு வேறுபடலாம் என்பது இதன் பொருள். ஆகவே புத்தகத்தில் அச்சிட்ட மின்தடையை அப்படியே பொருத்துவதில் நிச்சயம் இல்லை. தன் கையிலுள்ள வட்டைத் தானே அளந்தறிவது தவிர வேறு வழியில்லை.

ஊரின் அந்திப்பொழுது

அளக்க வேண்டிய இடம் ஆய்வுக்கூடமன்று, ஊர். உச்சி வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் வரை செல்லும். சூரியன் மறையும் வேளையில் அது சில நூறாகக் குறையும். மேலும் இருபது நிமிடங்களுக்குள் மூன்று நான்கு லக்ஸாகிவிடும். முழு நிலவின் ஒளி சுமார் கால் லக்ஸ் மட்டுமே. மனிதக் கண் தன்னைச் சரிப்படுத்திக் கொள்வதால் இவ்வளவு பெரிய வீழ்ச்சியை நாம் உணர்வதில்லை. மாணவர் ஒருவர் மல்டிமீட்டருடன் மாலை 6 மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்.டி.ஆரின் தடையை அளந்து வரைபடம் தீட்டுவாராயின், தம் கண் மறைத்த செய்தியைக் காகிதத்தில் காண்பார். 'இனி விளக்கேற்றலாம்' என வீட்டுப் பெரியவர் கூறும் தருணத்தையும் அதில் குறித்துக் கொண்டால், வடிவமைப்புக்கு வேண்டிய எண் கிடைத்துவிடும். அந்த எண் எந்தக் கடைப் பெட்டியிலும் இல்லை.

ஆரியங்கோடு போன்ற ஊரில் இதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ரப்பர் மரங்களின் நிழலில் திறந்த வெளியைவிட இருள் முன்னதாகவே சூழ்கிறது. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலத்தில் அம்மரங்கள் இலையுதிர்க்கின்றன. அப்போது அதே பாதையில் வெளிச்சம் மிகுகிறது. விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளர் நடக்கும் தோட்டத்துப் பாதைக்கும், முச்சந்திக்கும் ஒரே அளவு பொருந்துமா என்பது அவ்வூர் மாணவர் மட்டுமே அளந்து கூறக்கூடிய செய்தி.

ஒரு மறுப்பும் எழலாம். நிலநடுக்கோட்டிற்கு அண்மையிலுள்ள இப்பகுதியில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6 மணிக்கும் 6.50 மணிக்கும் இடையிலேயே அமைகிறது. கடிகாரச் சாவி ஒன்றே போதாதா? நியாயமான கேள்வி. தெளிந்த நாள்களில் போதும் என்பதே நேர்மையான விடை. தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி மழையிலும்தான் ஒளி உணரும் விளக்கு தன் மதிப்பைக் காட்டும். 20 வாட் தெருவிளக்கு ஒன்று நாள்தோறும் இரண்டு மணி நேரம் வீணே எரிந்தால் ஆண்டுக்கு 14.6 யூனிட் செலவாகும். கடிகாரம் இதில் எவ்வளவை மிச்சப்படுத்தும், ஒளி உணரி எவ்வளவை மிச்சப்படுத்தும் என ஒப்பிடுவதும் மாணவரின் பணியே. தாம் செய்த சாதனம் எங்கே தேவையில்லை என்பதையும் அறிந்திருத்தல் விஞ்ஞான மனப்பான்மைக்கு அடையாளம்.

இத்தகைய விளக்கின் முன்னோடி பகற்பொழுது பெரிதும் மாறும் நாடொன்றில் தோன்றியது வியப்பன்று. ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் கோடையில் பகல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலாகவும், குளிர்காலத்தில் ஆறு மணி நேரமாகவும் இருக்கும். அந்நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் டாலன் 1907இல் கலங்கரை விளக்குகளுக்காகச் சூரிய வால்வை அமைத்தார். அதில் மின்சாரமே இல்லை. கருமை பூசிய ஓர் உலோகத் தண்டும் அதைச் சூழ்ந்து மெருகிட்ட தண்டுகளும் இருந்தன. பகலில் கருந்தண்டு ஒளியை ஏற்று மற்றவற்றைவிட அதிகமாக நீண்டு எரிவாயுவை அடைக்கும். அந்தியில் குறுகித் திறக்கும். ஆளில்லாத பாறைகளிலும் மிதவைகளிலும் விளக்குகள் தாமே எரிந்து தாமே அணைந்தன. 1912இல் டாலனுக்குப் பௌதிகத்தில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அதே ஆண்டு நிகழ்ந்த வெடிவிபத்தில் அவர் கண்பார்வையை இழந்தார். இருப்பினும் 1937இல் மறையும்வரை தம் நிறுவனத்தை நடத்தி வந்தார்.

பிழைகள் புகட்டும் பாடம்

சுற்று முடிந்து, விளக்கை எல்.டி.ஆருக்கு அருகில் பொருத்தியதும் எதிர்பாராத தொல்லை ஒன்று தோன்றக்கூடும். இருட்டியதும் விளக்கு எரிகிறது. அதன் ஒளி எல்.டி.ஆர். மீதே படுகிறது, பகல் வந்துவிட்டதென எண்ணி அது விளக்கை அணைக்கிறது, மீண்டும் இருள், மீண்டும் ஒளி. விளக்கு துடிக்கத் தொடங்குகிறது. எல்.டி.ஆரை ஒரு சிறு குழாயில் வைத்து வானத்தை நோக்கித் திருப்பினால் துடிப்பு நின்றுவிடும். இதைவிட ஆழ்ந்த தீர்வும் உண்டு. எரிவதற்கு ஓர் அளவையும் அணைவதற்கு வேறோர் அளவையும் வகுத்தால், இடைப்பட்ட ஒளியில் சாதனம் தடுமாறாது. இவ்வுத்தியை 1934இல் வகுத்த அமெரிக்கரான ஆட்டோ ஷ்மிட் அப்போது ஒரு பட்டமேற்படிப்பு மாணவர். கணவாய் மீனின் நரம்புகளில் துடிப்புப் பரவுவதை ஆராய்ந்தபோது அது உருவாயிற்று. இன்று ஷ்மிட் டிரிகர் எனப்படும் சுற்று எண்ணற்ற மின்னணுச் சாதனங்களில் பயன்படுகிறது. அதுவும் ஒரு மாணவர் முயற்சியே என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

மற்றொரு பிழையும் பயனுள்ளது. மேற்கூறிய சுற்றில் அடிவாய்க்குச் செல்லும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவு. டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்காகப் பெருக்கினாலும் ஏறக்குறைய ஆறு மில்லி ஆம்பியரே கிட்டும். ஓர் எல்.ஈ.டி.க்கு அது போதும், பத்துக்குப் போதாது. இரண்டாவது டிரான்சிஸ்டரைச் சேர்த்தால் வலிமை பெருகும். ஆனால் தொடக்க மின்னழுத்தம் 0.6இலிருந்து 1.2 வோல்ட் ஆகிவிடும். எல்.டி.ஆர். இப்போது 22.5 கிலோ ஓமை எட்டினால்தான் விளக்கு எரியும்; அதாவது முன்னைவிட இருண்ட பின்னரே. ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறும் என்னும் பொறியியலின் முதற்பாடத்தை இதைவிட எளிதாகக் கற்பிக்க இயலாது. பெட்டியை வாங்கி இணைத்தவருக்கு இப்பாடம் கிட்டுவதில்லை.

மதிப்பிடும் முறை

பெட்டிகளை முற்றிலும் குறைகூறுதல் நியாயமன்று. கிராமப் பள்ளியின் ஆசிரியருக்கு நேரம் குறைவு. உறுப்புகளைத் தனித்தனியே வாங்க நகரத்துக்குச் செல்ல வேண்டும். முதல் முறை இணைத்துப் பழகுவதற்குப் பெட்டி உதவும். குறை பெட்டியில் இல்லை. பெட்டியோடு முயற்சி முடிந்துவிடுவதிலும், அதற்குப் பரிசு வழங்குவதிலும்தான் உள்ளது. மத்திய அரசு 2016இல் தொடங்கிய அடல் புதுமைத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளில் தொழிற்கூடங்கள் அமைக்க 20 லட்சம் ரூபாய் வரை மானியம் அளிக்கப்படுகிறது. இன்ஸ்பயர்–மானக் திட்டத்தில் தேர்வு பெறும் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கிறது. ஒளி உணரும் விளக்கின் உறுப்புகளோ மின்கலங்கள் உட்பட இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். எனவே பணத்தைவிடப் பெரிய தேவை மதிப்பிடும் முறையில் மாற்றமே.

கேரளச் சாஸ்திரோத்ஸவத்தின் தொழில்பயிற்சிப் பிரிவில் மாணவர் நடுவர் முன்னிலையில் அங்கேயே பொருளைச் செய்து காட்டும் நல்ல வழக்கம் உண்டு. செயல்படும் மாதிரிகளுக்கும் இதே முறையை நீட்டிக்கலாம். நடுவர் கேட்க வேண்டியது ஒன்றே: "இவ்விளக்கு இன்னும் பத்து நிமிடம் கழித்து எரியுமாறு மாற்றிக் காட்ட முடியுமா?" அளந்து வடிவமைத்தவர் தம் வரைபடத்தைப் பார்த்து, எந்தத் தடையை எவ்வளவு மாற்ற வேண்டும் எனக் கூறுவார். அளவுக் குறிப்பேட்டுக்குப் பாதி மதிப்பெண் ஒதுக்குவதும், எரியாமற்போன முயற்சிகளின் பதிவுக்கு மதிப்பளிப்பதும் பொருத்தமாகும். அப்போது அலங்கார அட்டைச் சாலைகள் குறையலாம், அறிவு குறையாது.

எச்சரிக்கையாக இரண்டொன்று கூறுதல் அவசியம். மாணவர் முயற்சி மின்கலத்தோடு நிற்க வேண்டும். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தைத் தொடும் இணைப்பு எதையும் தகுதி பெற்றவரே செய்தல் வேண்டும். காட்மியம் நச்சுத்தன்மை உடையது. ஆகையால் பழுதான எல்.டி.ஆரை உடைத்தலோ எரித்தலோ கூடாது. காட்மியத்தைத் தவிர்க்க விரும்புவோர் போட்டோ டிரான்சிஸ்டரைக் கொண்டு இதே கணக்கைச் செய்யலாம்.

ஆரியங்கோட்டுக்கு மேற்கே, கடற்கரையில், விழிஞம் கலங்கரை விளக்கம் 1972 முதல் மீனவருக்கு வழிகாட்டி வருகிறது. அதன் ஒளி கடலுக்குரியது. தோட்டத்துப் பாதைக்கு வேண்டிய சிறு ஒளியை அவ்வூர் மாணவரே அமைக்க முடியும். வீட்டு மூதாட்டி கண்ணால் அறிந்த விளக்கு வைக்கும் நேரத்தை ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணுக்கேற்ப ஒரு சுற்றை அமைத்து, அது தவறும்போது ஏன் தவறியது எனக் கூற வல்லவரே விஞ்ஞானம் பயின்றவர். கண்காட்சிகள் பரிசளிக்க வேண்டியது அத்தகையோருக்கே.