நிலமில்லாதவனுக்கு நட்டமில்லையாம்!

நொய்யல் செத்த கதையை எல்லோரும் எழுதியாகிவிட்டது. சூழலியல்காரர்கள் எழுதினார்கள், பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள், நீதிமன்றமும் பக்கம் பக்கமாக எழுதியது. எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆற்றங்கரையில் காடும் இல்லாமல் தோட்டமும் இல்லாமல், அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்கு நின்றவன் என்ன ஆனான்? அவன் கணக்கு எந்த ஆய்வில் இருக்கிறது?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டும். சாயம் துணியில் ஏறும், உப்பு ஏறாது. அது அப்படியே கழிவுத் தண்ணியோடு வெளியே வரும். திருப்பூர் பனியன் உலகம் பூராவும் போச்சு, உப்பு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சில வருசத்திலேயே சாயக் குட்டை ஆனது. கீழ்ப்பக்கக் கிணறுகளெல்லாம் உப்புக் கரித்தன.

1996இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன் காசு கொடுக்கணும் என்றது. அதன்படி அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் நொய்யலுக்கும் கணக்குப் போட்டது. 2004இல் வந்த அந்தக் கணக்கு இது: 68 கிராமங்கள், 28,596 விவசாயிகள், இழப்பீடு 24 கோடியே 79 லட்சத்துச் சொச்சம். வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி 8,700 ரூபாய்கூட வராது. விவசாயிக்கே இது அநியாயம்தான்.

ஆனால் இந்த 68 கிராமத்திலும் அருந்ததியர் வளவு இருக்கிறதே, பறையர் காலனி இருக்கிறதே, அவர்களுக்கு எவ்வளவு? நிலத்தின் பேரில் போட்ட கணக்கில் நிலமில்லாதவனுக்குப் பத்தியே கிடையாது. தோட்டம் பாழானால் நட்டம் பட்டாக்காரனுக்கு. அந்தத் தோட்டத்தில் களையெடுத்த பொம்பளைக்குக் கூலி போனது நட்டமில்லை. ஆடு மேய்க்கப் புல் போனது நட்டமில்லை. இருந்த ஒரே பொதுக்கிணறு கரித்துப்போய், நல்ல தண்ணிக்காக எந்தக் கவுண்டர் தோட்டத்து வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு "சாமி, சாமி" என்று நிற்க வேண்டியிருந்தது, அந்த அவமானத்துக்கு எந்த அளவுகோல்? தண்ணி கெட்டால் தீண்டாமை கூடும். இதை எந்தச் சோதனைக்கூடம் சோதித்தது?

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் வழக்காடியதை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் விடாமல் போராடியதால்தான் 2006இல் உயர்நீதிமன்ற உத்தரவும், 2009இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உத்தரவும் அதனால்தான் வந்தது. ஆனால் அந்தச் சங்கத்தின் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். ஆயக்கட்டு இருக்கிறவன்தான் ஆயக்கட்டுதாரன். அதோடு இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டறைகளுக்கு லாரி லாரியாகத் தண்ணி விற்றதும் கிணறு வைத்திருந்தவர்கள்தான். எல்லோரும் அல்ல, ஆனால் விற்க முடிந்தவன் கிணறு இருந்தவன் மட்டுமே. வளவுக்காரனிடம் விற்கக் கிணறும் இல்லை, இழப்பீடு வாங்கப் பட்டாவும் இல்லை.

பட்டறைகளை மூடினபோது வேலை போனவனும் நம்ம ஆள்தான். முதலாளிகளின் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தினக்கூலிக்கு? இன்றைக்கு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடவில்லை என்கிறார்கள். சரி, ஆவியாக்கிக் காய்ச்சியபின் மிஞ்சுகிற கலப்பு உப்பையும் கசடையும் வாரிக் கொட்டுவது எந்தச் சாதிக் கை? 2013இலேயே மலக்குழியில் மனிதரை இறக்குவதைத் தடுக்கச் சட்டம் வந்தாயிற்று. 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தலித் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிச் செத்தார்கள். ஆற்றுத் தண்ணியை அளந்தவர்கள் யாரும் அந்தத் தொட்டிக் காற்றை அளந்ததில்லை.

ஆய்வே நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. திருப்பூரைப் பற்றி அலமாரி நிறைய இருக்கிறது. கவுண்டர்கள் உழைப்பாளிகளாயிருந்து முதலாளிகளானதை ஷரத் சாரி 2004இல் புத்தகமாகவே எழுதினார். கிரேஸ் கார்ஸ்வெல்லும் ஹெர்ட் டி நீவும் 2013இல் இன்னொன்றைக் காட்டினார்கள். பண்ணையத்தில் இருந்த கொத்தடிமைத்தனம் ஒழியவில்லை, முன்பணம் என்ற பெயரில் விசைத்தறிக்கு இடம் மாறியது என்றார்கள். நல்ல வேலைதான், நமக்குச் சாதகமான உண்மைதான். ஆனால் எல்லாம் இங்கிலீஷில். முன்பணத்தில் மாட்டிக்கிட்டுத் தறி ஓட்டுகிறவன் தன்னைப் பற்றி எழுதினதைத் தானே படிக்க முடியவில்லை என்றால், அந்த அறிவு யாருக்குச் சொத்து?

இதைக் கேட்டால் பேராசிரியர்களுக்குக் கோபம் வருகிறது. "விஞ்ஞானத்துக்கு ஏதுங்க சாதி?" என்கிறார்கள். ஐயா, உப்பை அளக்கிற கருவிக்குச் சாதி கிடையாது, ஒப்புக்கொள்கிறோம். அதை எந்தக் கிணற்றில் முக்குவது என்று முடிவெடுக்கிறவருக்கு இருக்கிறதே! தோட்டத்துக் கிணற்றில் முக்கினீர்கள். காலனிக் குழாயில் முக்கினீர்களா?

வேறு இடங்களில் இதற்குப் பதில் கண்டிருக்கிறார்கள். 1982இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், கறுப்பர் வாழும் வாரன் கவுண்டியில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியபோது மக்கள் மறித்துச் சிறை போனார்கள். 1987இல் ஒரு திருச்சபையின் இனநீதிக் குழு நாடு முழுக்கக் கணக்கெடுத்து, நச்சுக்கழிவு எங்கே போகிறது என்பதை வருமானத்தைவிட நிறம்தான் அதிகம் காட்டுகிறது என்று நிறுவியது. அதைச் செய்தது பல்கலைக்கழகம் அல்ல, பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்ற இயக்கம். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடி வழிவந்த மாக்ஸ் லிபோய்ரான் நடத்தும் 'கிளியர்' என்ற ஆய்வகம் இருக்கிறது. மீன் வயிற்றில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. முடிவை அச்சடிக்குமுன் அந்த மீனைத் தின்கிற மக்களிடம் கொண்டுபோய் வைக்கிறார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வெளியிடுவதில்லை.

நமக்கும் இது புதுசு இல்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் சேரிகளின் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அதிலிருந்துதான் 1892 அரசாணையும் பஞ்சமி நிலமும் வந்தன. ஒரு கணக்கெடுப்புக்கு அவ்வளவு பலம் உண்டு. ஆனால் அந்த அறிக்கையும் நிலமும் நம் கையில் இல்லாததால், 12 லட்சம் ஏக்கர் எங்கே என்று இன்றைக்கும் நாமே தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது ஆய்வகங்களில் புதுப் பேச்சு கேட்கிறது. 'பூர்வகுடிகள் தலைமையில் சுற்றுச்சூழல் நீதி' என்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. நடைமுறையில் என்ன? திட்டம் அவர்கள் எழுதுவார்கள், பணம் அவர்கள் கணக்கில் விழும், ஒருங்கிணைப்பாளர் அவர்கள் ஆள். நம்ம பிள்ளை 'களப்பணியாளர்'. பாட்டிலில் தண்ணி பிடித்துக் கொடுத்து, படிவம் நிரப்பி, பஸ் காசு வாங்கிக்கொண்டு வர வேண்டியது. இதுக்குப் பேர் தலைமையா? பண்ணையாள் வேலை வயலிலிருந்து ஆய்வகத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்!

ஆகவே நொய்யல் கரைக்கு வருகிற எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நாம் வைக்கிற நிபந்தனைகள்:

ஒன்று, எதை ஆராய்வது என்பதை வளவும் காலனியும் கூடி முடிவு செய்யும். நிலம் மட்டுமல்ல, கூலி, குடிதண்ணி, மேய்ச்சல், நோய், தொட்டிச் சாவு எல்லாம் கணக்கில் வரணும்.

இரண்டு, ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் அதற்கான சம்பளமும் கையெழுத்து அதிகாரமும் நம்மவருக்கு. தண்ணி சுமப்பது பெண்கள், ஆகவே குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள்.

மூன்று, சேகரித்த விவரம் நம்மிடம் இருக்கும். நம் அனுமதியில்லாமல் அச்சேறக் கூடாது. இது வீம்பு அல்ல. முன்பணம் வாங்கினவன் பட்டறையைப் பற்றிச் சொன்னது தெருப்பெயரோடு வெளியே போனால் மறுநாள் அவனுக்கு வேலை கிடையாது. அந்த ஆபத்தைச் சுமக்கிறவன்தான் வெளியிடலாமா என்று சொல்ல வேண்டும்.

நான்கு, முடிவுகளைத் தமிழில் எழுதிக் காலனி மந்தையில் உரக்கப் படிக்க வேண்டும். கேள்வி கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

இதற்குச் சம்மதிக்காத ஆய்வகத்துக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணியில் உப்பை அளக்கும் சின்னக் கருவி ஒரு சாதாரணக் கைப்பேசி விலைகூட வராது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, குழாய், அளவு, தண்ணி வந்த நேரம், எத்தனை குடம், யார் வேலைக்குப் போகவில்லை, ஏன் என்று வாரம் தவறாமல் எழுதுவோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகளை 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைப்போம்.

1927இல் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணியை அள்ளிக் குடித்தார். அது தாகத்துக்காக அல்ல, உரிமைக்காக. இந்தக் கணக்கெடுப்பும் அப்படித்தான். அடுத்த இழப்பீட்டு ஆணையம் வரும்போது, பட்டா எங்கே என்று கேட்பார்கள். நாம் நோட்டை எடுத்து நீட்டணும்.