மூன்று பறவை, ஒரே ரோஸ்ட்!

முழுக்கோழியின் வயிற்றில் மசாலாவும் அவித்த முட்டையும் வைத்துத் தைத்துப் பொரிப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். வான்கோழிக்குள் வாத்து, அந்த வாத்துக்குள் கோழி என்று வைத்துச் சமைப்பதைக் கேள்விப்பட்டதுண்டா? சிரிக்காதீர்கள், நிஜந்தான்! அமெரிக்காவில் இதற்கு 'டர்டக்கன்' என்று பெயர். டர்க்கி, டக், சிக்கன் மூன்றையும் போட்டுப் பிசைந்த பெயர்.

போன நவம்பரில் ஹூஸ்டனில் என் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே நவம்பர் நான்காவது வியாழக்கிழமை 'தாங்க்ஸ்கிவிங்' விருந்து. வீட்டுக்கு வீடு வான்கோழிதான். "இந்தத் தடவை டர்டக்கன் வாங்கிடலாம் அத்தை" என்றார் மாப்பிள்ளை. வரப்போகிறவர்கள் இருபது பேர். அதில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, எழுபது தாண்டிய என் சம்பந்தியம்மா, ஐந்து வாண்டுகள். இருபது பேருக்கு அளவு சரி. ஆனால் பத்திரமாக வேகுமா என்பதுதான் என் கவலை.

இது லூசியானா மாநிலத்துச் சரக்கு. பால் புருடோம் (1940–2015) என்ற பிரபல சமையல்காரர் இதை ஊரறியச் செய்தார். மொரீஸ் என்ற சிற்றூரில் உள்ள ஹீபர்ட் இறைச்சிக் கடைக்காரர்களோ, 1985-ல் விவசாயி ஒருவர் மூன்று பறவைகளைக் கொண்டுவந்து கொடுக்க, தாங்கள்தான் முதலில் செய்ததாகச் சொல்கிறார்கள். யார் முதலோ, எலும்பெடுக்கும் வேலை இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல! வான்கோழியின் கால், இறக்கை தவிர மற்ற எலும்பெல்லாம் போய்விடும். ஒவ்வோர் அடுக்குக்கு நடுவிலும், நாம் கொழுக்கட்டைக்கு வைப்பதுபோல, ஒரு பூரணம். வீட்டில் செய்ய ஆசைப்படாமல் வாங்குவதே புத்திசாலித்தனம்.

வாங்குவதும் சுலபமில்லை. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் கிடையாது. ஒரு கடையில், "முன்கூட்டியே சொல்லியிருக்கணும்" என்று கையை விரித்துவிட்டார்கள். லூசியானாக் கடைகள் உறைய வைத்துப் பெட்டியில் அனுப்புகின்றன. பண்டிகை நெருங்கினால் அனுப்பும் கூலியே மலைக்க வைக்கும். மூன்று வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டோம். ஏறக்குறைய 7 கிலோ. சின்னக் குடும்பமென்றால் இவ்வளவு தேவையில்லை. எலும்பெடுத்துச் சோற்றுப் பூரணம் அடைத்த தனிக்கோழியையே அங்கே விற்கிறார்கள். என்னைக் கேட்டால் ருசியில் அது ஒன்றும் குறைச்சலில்லை.

ஆர்டர் கொடுக்கும்போது இரண்டு விஷயத்தைக் கேட்டே ஆகவேண்டும். முதலாவது, பூரணத்தில் என்ன இருக்கிறது? அந்த ஊர்க்காரர்களுக்குப் பன்றிக்கறி சாஸேஜும், கிராஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகையும் சகஜம். சம்பந்தியம்மா பன்றி தொடமாட்டார். ஒரு குழந்தைக்கு இறால் பட்டாலே தடிப்பு. அதனால் மக்காச்சோள ரொட்டிப் பூரணமாக, அதிலும் இவை இரண்டும் கலக்காததாகக் கேட்டு வாங்கினோம்.

இரண்டாவது, உருக வைக்கணுமா, கூடாதா? பூரணம் அடைத்து உறைய வைத்த பறவையை உருக்காமல் அப்படியே ஓவனில் வைக்கச் சொல்கிறது அமெரிக்க விவசாயத் துறை. அப்போது வேக ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும். சில கடைக்காரர்கள் உருக்கச் சொல்கிறார்கள். உறையில் எழுதியிருப்பதுபடி செய்யுங்கள். உருக்குவதானால் ஃப்ரிட்ஜுக்குள் மட்டுந்தான். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் கணக்கு. நம் வழக்கப்படி ராத்திரி எடுத்து மேடையில் வைப்பது இதற்கு ஆகவே ஆகாது. வெளிப்பக்கம் இளகிக் கிருமி பெருகும்போது உள்ளே இன்னும் கல்லாக இருக்கும்.

வேகவைப்பதிலும் அதே சங்கதிதான். நடுவில் எலும்புக் கூடும் இல்லை, காற்றுப் போக வெற்றிடமும் இல்லை, ஒரே திண்டு. தோல் பொன்னிறமாகி வீடு மணத்தாலும் நடுக்கோழி பச்சையாக இருக்கலாம். வாத்தின் சாறும் கோழியின் சாறும் பூரணத்தில்தான் இறங்குகின்றன. சால்மோனெல்லா கிருமி பிழைத்திருந்தால் அங்கேதான் இருக்கும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் அது வயிற்றுப்போக்கோடு நிற்காது. அதனால் கைப்பக்குவத்தை நம்பாமல், இறைச்சிக்கான தெர்மாமீட்டரை நட்டநடுவே, பூரணம் வரை செருகிப் பார்க்கவேண்டும். 74 டிகிரி சென்டிகிரேட் காட்டணும். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை முதலில் பார்த்தபோது 61. "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று மகள் முகம் வாடியது. அலுமினியத் தாளைப் போர்த்தி மறுபடி உள்ளே தள்ளினோம். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதுவரை பிள்ளைகளுக்குத் தயிர்சாதம்.

வெளியே எடுத்து இருபது நிமிஷம் ஆறவிட்டு, ரொட்டி போலக் குறுக்கே வெட்டினால் மூன்று இறைச்சியும் வளையம் வளையமாக வரும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தோம். மூன்று நான்கு நாள் தாங்கும். மறுநாள் சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டு, ஆவி பறக்கச் சுடவைத்துப் பிரட்டினேன். எனக்கென்னவோ வியாழக்கிழமை ரோஸ்டைவிட அதுதான் பிடித்தது.