புலி கண்ணில் படவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கமெண்டில் திட்டுங்கள், பரவாயில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் நம் குடும்பக் குழுவில் வந்த படங்களைப் பார்த்தேன். டெல்லியில் கார் எடுத்து, ராம்நகர் போய், கார்பெட் தேசியப் பூங்காவில் மூன்று முறை ஜீப்பில் சுற்றியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி: "புலி ஒண்ணுகூட இல்ல. காசு தண்டம்."

கார்பெட் 1936-இல் தொடங்கிய இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததே அங்கேதான். ராம்கங்கை ஆறு, சால மரக்காடு, யானை, மான், முதலை என்று எல்லாம் இருக்கிற இடம். அங்கே போய் "ஒண்ணுமே இல்ல" என்றால் குறை காட்டில் இல்லை.

காசு கட்டினால் புலி எதிரே வந்து நிற்க வேண்டும் என்று நினைக்கிறோம். அதனால்தான் ஒரு ஜீப் நின்றால் பின்னாலேயே பத்து ஜீப் வந்து புலியின் வழியை மறிக்கிறது. அதே மனசுதான் முதுமலைச் சாலையில் காரை நிறுத்தி யானையோடு செல்ஃபி எடுக்கிறது, குரங்குக்குச் சிப்ஸ் வீசுகிறது. அந்த ருசிக்குப் பழகிய குரங்கு சாலையிலேயே காத்துக் கிடந்து, கடைசியில் சக்கரத்தில் சாகிறது.

சரி, நம் வீட்டு மொட்டை மாடிக்கு வாருங்கள். மேற்கே தெரிகிறதே மலை, அது சாம்பல் நிற அணில்களுக்காகவே 1988-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாக ஆனது. புலியைத் தேடி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனவர்களே, உங்களில் எத்தனை பேர் செண்பகத்தோப்பில் அந்த அணிலைப் பார்த்திருக்கிறீர்கள்?

அது பெரும்பாலும் தரைக்கு வராது. கிளையோடு கிளை சேர்ந்திருந்தால்தான் அதற்குப் போக்குவரத்து. இலையும் சுள்ளியும் சேர்த்து உச்சிக் கிளைகளில் பந்துபோலக் கூடு கட்டும். மலையடிவாரத்துப் புளியமரமும் மாமரமும்கூட அதற்கு வாழ்விடம்தான். ஒரு தோப்பை வெட்டி மனை போட்டால் அதன் பாதை அறுந்துபோகும். மனை வாங்கும்போது இதை யார் யோசிக்கிறோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தின் குடிநீருக்கு அய்யனார் கோயில் ஆறு ஓர் ஆதாரம். அந்தத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. ஆற்றங்கரையில் பிரியாணிப் பொட்டலத்தையும் மது பாட்டிலையும் போட்டுவிட்டு வருகிறவன் யார் வீட்டுக் குடத்தில் போடுகிறான்? நம் வீட்டுக் குடத்தில்தான்.

"அப்படியானால் காடு பார்க்கவே போகக் கூடாதா சார்?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போங்கள். கார்பெட்டுக்கும் போங்கள். வனத்துறை அனுமதித்த இடத்தில், அனுமதித்த நேரத்தில், பாட்டுச் சத்தம் இல்லாமல், தின்பதற்கு எதையும் வீசாமல் போங்கள். நாம் பார்க்காவிட்டாலும் புலி அங்கே இருக்கிறது, அதன் வேலையைச் செய்கிறது. அது இருப்பதால் காடு காக்கப்படுகிறது. காடு இருப்பதால் நமக்குத் தண்ணீர் வருகிறது. கட்டிய காசுக்கு இது போதாதா?

பேரப்பிள்ளைகளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செண்பகத்தோப்புக்கு அழைத்துப் போங்கள். செல்போனைப் பையில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அணில் தெரியாவிட்டால் கூடாவது தெரியும். எதுவும் தெரியாவிட்டாலும் "காசு தண்டம்" என்று மட்டும் குழந்தைகள் காதில் விழச் சொல்லாதீர்கள். நாளைக்கு அவர்களும் அதையே சொல்வார்கள்.

எல்லோருக்கும் என் ஆசிகள்.